யாழ்ப்பாணத்திலிருந்து பனி நாட்டுக்கு: முதல் வின்ரருக்கும் முதல் ஸ்கீக்கும் ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் வாழையிலையில் தேங்கி நிற்கிற ஈரம். "பனிக்குள்ள நிக்காத பிள்ளை, தடிமன் பிடிக்கும்" என்று அம்மம்மா தலையில் துவாயைச் சுற்றிவிடுவார். தை மாத அதிகாலையில் 22 பாகைக்கு இறங்கினாலே சந்தித் தேநீர்க் கடையில் பாதிப் பேர் காதை மூடிக் கட்டியிருப்பார்கள். அதே தை மாதத்தில் ரொறன்ரோவின் சராசரி இரவு மைனஸ் 7 அளவில் இருக்கும். மொன்றியலில் மைனஸ் 14 அளவு. வின்னிப்பெக்கில் மைனஸ் 20க்கும் கீழே.

நான் 19 ஆண்டுகள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்துவிட்டு இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். படிக்கப் போகிற பிள்ளைகள், கலியாணம் கட்டிப் போகிற பெண்கள், மகன் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட வயதான அப்பா அம்மா என்று யாராவது வந்து எங்கள் விறாந்தையில் இருந்து, "அங்க குளிருக்கு என்ன கொண்டு போறது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த முறை என் தங்கச்சியின் மகள், எனக்குப் பெறாமகள், தை மாதமே போகிறாள். நடு வின்ரரில் போய் இறங்கப் போகிறவள். அவளுக்காக எழுதத் தொடங்கியதுதான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களைக் குளிரை விட ஈரமும், வீட்டுக்குள் அடைந்து கிடப்பதும்தான் அதிகம் வருத்தியதைப் பார்த்திருக்கிறேன். உடம்பை உலர்வாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு மைனஸ் 15இலும் வெளியே நிற்கலாம். வெளியே நிற்கப் பழகியவருக்கு ஐந்து மாத வின்ரர் ஒரு சிறை ஆகாது. கீழே வருகிற எல்லாமே இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

புறப்படும் முன், இங்கே

தடித்த ஜக்கெற் இங்கே வாங்க வேண்டாம். கஸ்தூரியார் வீதியிலும் சரி, கொழும்பிலும் சரி, கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் நுவரெலியாக் குளிருக்கானவை. பெட்டியில் அரைவாசி இடத்தை அடைக்கும், அங்கே போனால் உதவாது. அந்தக் காசை அப்படியே டொலராகக் கொண்டு போங்கள்.

பயண நாளுக்கு வேண்டியது வேறு. ஒரு ரீசேர்ட், அதன் மேல் கம்பளிச் சுவெற்றர், அதன் மேல் காற்றுப் புகாத மெல்லிய ஜக்கெற், மூடிய சப்பாத்து, காதை மூடும் தொப்பி, கையுறை. தொப்பியையும் கையுறையையும் கைப்பைக்குள் வையுங்கள். பெரிய பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் நீங்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே வரத்தானே வேண்டும். கூப்பிட வருகிறவரிடம் பழைய ஜக்கெற் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். வின்ரர் கண்ட ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் யாரோ போட்டு விட்ட ஜக்கெற் ஒன்று அலுமாரியில் இருக்கும்.

வீட்டுக்குள் போடுவதற்கு இங்கத்தைய நூல் உடுப்பும் சாரமும் தாராளமாகக் கொண்டு போகலாம். அங்கே வீடுகளுக்குள் 21 பாகை அளவுக்குச் சூடு இருக்கும். சித்தாலேப்பப் போத்தல் ஒன்று, ரசத்தூள், மல்லி, வேர்க்கொம்பு. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டாவது சோடி ஒன்றும் செய்துகொள்ளுங்கள். பல் வேலை இருந்தால் இங்கேயே முடித்துவிடுங்கள், அங்கே அதன் செலவு தாங்காது.

இனி ஒரு சின்னப் பரிசோதனை. என் பெறாமகளுக்கும் செய்து காட்டினேன். ஐஸ்கிறீம் வைக்கிற ஆழ்குளிர்ப் பெட்டிக்குள் மைனஸ் 18 அளவில் இருக்கும். உலர்ந்த கையை அதற்குள் அரை நிமிடம் வெறுமனே நீட்டி வையுங்கள். உலோகத்தைத் தொட வேண்டாம். தாங்கலாம். பிறகு கையை நனைத்துவிட்டு மறுபடியும் நீட்டுங்கள். பத்து விநாடியில் கையை இழுத்துவிடுவீர்கள். அடுத்து, நனைந்த கையோடு வேகமாகச் சுற்றுகிற மின்விசிறிக்குக் கீழே நில்லுங்கள். நல்ல வெயிலிலும் கை குளிரும். ஈரமும் காற்றும் உடம்புச் சூட்டை எப்படித் திருடுகின்றன என்பதை இதை விடத் தெளிவாக வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியாது.

உடுப்பு: கிடுகு அடுக்குவது போல

கிடுகு வேய்கிறவர் ஒரே ஒரு தடித்த ஓலையைப் போடுவதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறார். அடுக்குகளுக்கு நடுவில் நிற்கிற காற்றுத்தான் வெயிலைத் தடுக்கிறது, மேல் அடுக்கு மழையை வழித்துவிடுகிறது. குளிர் உடுப்பும் அதே கணக்குத்தான்.

முதல் அடுக்கு தோலோடு ஒட்டி நிற்பது. தெர்மல் என்று கேட்டு வாங்குங்கள், மேலுக்கும் காலுக்கும். மெரினோ கம்பளி என்றால் மிக நல்லது, விலை கூட. பொலியெஸ்ரர் போதும். பருத்தி மட்டும் வேண்டாம். இங்கே பருத்தி நல்லதாக இருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணத்தால் அங்கே அது கெட்டது: வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கும். என் முதல் வின்ரரில் நூல் பனியனும் டெனிம் கழுசானும் போட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடி, பிடிக்க முடியாமல், வியர்த்த உடம்போடு இருபது நிமிடம் தரிப்பிடத்தில் நின்றேன். அன்று இரவு முழுக்க நடுக்கம் விடவில்லை. ஜக்கெற் நல்ல ஜக்கெற்தான். பிழை உள்ளே இருந்தது.

இரண்டாவது அடுக்கு சூட்டைப் பிடித்து வைப்பது. பிளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, கம்பளிச் சுவெற்றர், மெல்லிய இறகு ஜக்கெற், ஏதாவது ஒன்று. மூன்றாவது அடுக்கு காற்றையும் ஈரத்தையும் மறிப்பது. தலைமூடி இருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும். பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்குத் தொடை வரைக்கும் மூடினால் இன்னும் நல்லது. இறகு நனைந்தால் சூடு பிடிக்காது. ஒன்ராறியோவின் தென்பகுதியில் சைபர் பாகைக்குப் பக்கத்தில் ஈரப்பனி அடிக்கடி கொட்டும் என்பதால், முதல் வருடத்துக்கு விலை குறைந்த செயற்கைப் பஞ்சு ஜக்கெற்றே போதும்.

வீட்டை விட்டு இறங்கி முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் குளிர வேண்டும். இறங்கும்போதே இதமாக இருந்தால் நீங்கள் கூடப் போட்டுவிட்டீர்கள், பத்து நிமிடத்தில் வியர்க்கும். பஸ்ஸுக்குள் ஏறியதும் சிப்பைத் திறந்து, தொப்பியைக் கழற்றுங்கள்.

காலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மேலே மூன்று அடுக்கு, கீழே ஒரு கழுசான். தெர்மலைக் கழுசானுக்குள்ளும் போடுங்கள். கோயிலுக்குச் சேலை உடுத்துப் போகிறவர்கள் பாவாடைக்குள் தெர்மல் போடலாம், யாருக்கும் தெரியாது. வேட்டிக்காரருக்கும் அதேதான். கோயில் வாசலில் பூட்சைக் கழற்றும்போது நிலம் பனிநீரால் ஈரமாக இருக்கும். மாற்று மேசு ஒரு சோடி பையில் வையுங்கள்.

பூட்ஸ் அரை அளவு பெரிதாக, உள்பஞ்சைக் கழற்றி உலர்த்தக் கூடியதாக எடுங்கள். ஒரே ஒரு தடித்த கம்பளி மேசு போதும். இரண்டு மேசு போட்டு இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் விரல் கூடக் குளிரும். விரல் பிரித்த கையுறையை விட, நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிற்றன் சூடு. கழுத்துக்குக் குழாய் போன்ற கழுத்துறை நல்லது. அதை மூக்கு வரைக்கும் இழுத்து மூடலாம்.

வாங்குவதற்கு வலியூ வில்லேஜ் போன்ற பாவித்த பொருள் கடைகளில் தொடங்குங்கள். யாரோ ஒரு வின்ரர் போட்ட நல்ல பூட்ஸ் பத்து இருபது டொலருக்கும் கிடைக்கலாம். புதிதாக வாங்க வேண்டுமென்றால் மாசி கடைசியில் இருந்து விலை விழும்.

வெளியே நடமாட்டம்

காலையில் எழும்பி வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்றோடு சேர்ந்த குளிரையும் பாருங்கள். மைனஸ் 15 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 26 போல இருக்கும். அந்தக் கணக்கு மைனஸ் 28ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்பது கனடிய வானிலைத் துறையின் எச்சரிக்கை. மைனஸ் 40 என்றால் ஐந்து பத்து நிமிடம்தான்.

உறைவு முதலில் வருவது காது, மூக்கு நுனி, கன்னம், விரல்களில். முதலில் சுரீர் என்று வலிக்கும், பிறகு வலி நிற்கும். வலி நின்றதுதான் ஆபத்து. எங்கள் நிறத்தில் தோல் சிவப்பது தெரியாது, ஆகவே வெளிறி மெழுகு போல ஆகிறதா, தொட்டால் உணர்வு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே போய், இளஞ்சூடான தண்ணீரில், 37 முதல் 39 பாகை அளவில், அந்த இடத்தை வையுங்கள். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்க்கவே கூடாது. ஹீற்றருக்கு முன்னாலோ அடுப்புக்கு மேலோ பிடிக்கக் கூடாது, உணர்வில்லாத தோல் எரிந்தாலும் தெரியாது. கொப்புளம் வந்தாலோ உணர்வு திரும்பாவிட்டாலோ வைத்தியசாலைக்குப் போங்கள். ஒருவர் நடுங்கி நடுங்கி, பேச்சுக் குளறி, தூக்கம் வருகிறது என்று சொன்னால், அது உடம்பின் உள்வெப்பமே 35 பாகைக்குக் கீழே போவதன் அறிகுறி. உடனே கனடாவின் அவசர இலக்கமான 911ஐ அழையுங்கள்.

அடுத்தது சறுக்கி விழுவது. கொட்டிய புதுப்பனியில் விழுந்தால் பெரிதாக அடிபடாது. பகலில் உருகி இரவில் உறைந்த கண்ணாடி போன்ற பனிதான் கையை முறிக்கும். தெருவில் தார் ஈரமாக மின்னினால் அது ஈரமில்லை, உறைந்த பனிக்கட்டி என்று நினைத்து நடவுங்கள். சின்னச் சின்ன அடி, முழுப் பாதமும் நிலத்தில், உடம்பின் பாரம் முன் காலுக்கு மேலே, பென்குயின் நடப்பது போல. கை சட்டைப் பைக்குள் இருக்கக் கூடாது. கோயில் வீதியில் மழைக்குப் பிறகு பாசி பிடித்த கல்லில் நடந்தவர்களுக்கு இந்த நடை பழக்கம்தான்.

கைத்தொலைபேசி குளிரில் திடீரென்று மின்கலம் தீர்ந்து அணையும். உள்சட்டைப் பையில், உடம்போடு வைத்திருங்கள்.

பனியை விட நான் பயந்தது உறைமழைக்கு. மழையாக விழும், தொட்ட இடமெல்லாம் கண்ணாடியாகும். 1998 தையில் மொன்றியலிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும், 2013 மார்கழியில் ரொறன்ரோவிலும் மரக்கிளைகளும் மின்கம்பிகளும் அந்தப் பாரத்தில் முறிந்து, நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லாவிட்டால் பெரும்பாலான வீடுகளில் சூடும் இல்லை. மூன்று நாளுக்குத் தண்ணீர், சமைக்கத் தேவையில்லாத சாப்பாடு, ரோர்ச், போர்வை, சார்ஜர் ஒரு பெட்டியில் இருக்கட்டும். இடம்பெயர்வுக் காலத்தைக் கடந்து வந்த எங்கள் வீடுகளுக்குப் பெட்டி கட்டிவைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக்குள்

புதிதாகப் போகிற பலர் முதலில் இருப்பது யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்ற்றில், அதாவது நிலக்கீழ்த் தளத்தில். வாடகைக்கு எடுக்கும்போது வின்ரருக்காக மூன்றைப் பாருங்கள். சூடு வருகிற துவாரம் அறைக்குள் இருக்கிறதா, கட்டிலோ அலுமாரியோ அதை மறைக்கிறதா. அவசரத்துக்கு வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா. புகை எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் வேலை செய்கின்றனவா. இந்த வாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. தலையிடி, வாந்தி வருவது போல இருந்து, எல்லோருக்கும் ஒன்றாகத் தூக்கம் வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டை 21 பாகையில் வைத்திருக்க வீட்டுக்காரர் கடமைப்பட்டவர், அது மாநகர விதி. கூச்சப்படாமல் கேளுங்கள்.

தைப்பொங்கல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வின்ரரின் நடுவில் வருவது. வெளியே மைனஸ் 15 என்பதால் கராஜுக்குள் காஸ் அடுப்பை வைத்துக் கதவை அரைவாசி இறக்கிப் பொங்குகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதே வாயு உள்ளே தேங்கும், தயவுசெய்து செய்யாதீர்கள். வெளியே முற்றத்தில் பொங்குங்கள், அல்லது குசினி அடுப்பில் காற்றாடியைப் போட்டுப் பொங்குங்கள். காரைக் கராஜுக்குள் ஸ்ராட் செய்து சூடாக்குவதும் அதே ஆபத்துத்தான்.

சூடாக்கிய காற்று வறண்டது. உதடு வெடிக்கும், மூக்கில் இரத்தம் கசியும், குதிக்கால் பிளக்கும். குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே எண்ணெயோ களிம்போ பூசுங்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடும், போத்தலில் கொண்டு போனால் வெளியே வராது. அகன்ற வாய் டப்பாவில் கொண்டு போங்கள். அதே நேரம், நாங்கள் சோறு வடித்து, குழம்பு கொதிக்கவைத்து ஏற்றுகிற நீராவி பேஸ்மென்ற்றில் நிற்க இடமில்லாமல் ஜன்னல் கண்ணாடியில் வழியும், அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். சமைக்கும்போது மூடியும் காற்றாடியும் போட்டு, முடிந்த பிறகும் பத்து நிமிடம் காற்றாடியை ஓடவிடுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

உடம்பும் மனமும்

மார்கழி (டிசம்பர்) 20 வாக்கில் ரொறன்ரோவில் பகல் 9 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மாலை 4.45க்கு முன்பே பொழுது பட்டுவிடும். ஒஸ்லோவில் பகல் 6 மணி நேரமும் இல்லை. நோர்வேயின் வடக்கே, எங்கள் ஆட்கள் 80களில் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன பின்மார்க்கில், வாரக்கணக்கில் சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. கருமையான தோல் உள்ளவர்களுக்கு அந்த மெல்லிய வெயிலில் உயிர்ச்சத்து டி போதிய அளவு உருவாகாது. கனடாவில் 70 வயது வரை நாளொன்றுக்கு 600 அலகு தேவை என்று சொல்கிறார்கள். குடும்ப வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை தேவையா, குளிசை எவ்வளவு எடுக்கலாம் என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

மனம் சோர்வது இதை விடப் பெரிது. இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு வந்து, ஊருக்கு ஒரு அழைப்பு எடுத்து, படுப்பது. என் மூன்றாவது வின்ரரில் மாசி மாதம் முழுக்கக் காரணமில்லாமல் அழுதேன். சாப்பாடு, தூக்கம், கதை எல்லாம் மாறிப்போனது. அது ஒரு நோய், பருவத்தோடு வருகிற மனச்சோர்வு என்று ஒரு தாதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு வைத்தியம் உண்டு, ஒளிவிளக்குச் சிகிச்சை உட்பட. உங்களுக்கும் அப்படி இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஊருக்குப் பேசுவதற்கு: வின்ரரில் நேர வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். அங்கே இரவு 8 மணி, இங்கே மறுநாள் காலை 6.30. அம்மா பூப்பறித்து முடித்த நேரம்.

ஒவ்வொரு நாளும், மேகமாக இருந்தாலும், நண்பகல் வெளிச்சத்தில் இருபது நிமிடம் வெளியே நடவுங்கள். எனக்கு மருந்தை விட இதுவே கூடக் கைகொடுத்தது.

ஸ்பொன்சரில் போகிற அப்பாமாருக்கு ஒரு வார்த்தை. மருமகனுக்கு உதவி என்று விடியற்காலையில் தனியாகப் பனி அள்ளப் போகாதீர்கள். குளிர் இரத்தக் குழாயைச் சுருக்கும், பாரம் தூக்குவது இருதயத்தை ஓடவைக்கும், இரண்டும் சேர்ந்து மாரடைப்பு வருகிறது. அள்ளத்தான் வேண்டும் என்றால் தூக்காமல் தள்ளுங்கள், கொட்டக் கொட்டக் கொஞ்சம் கொஞ்சமாக. நெஞ்சு இறுகினால் மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்து ஆட்களைக் கூப்பிடுங்கள்.

கார்

வின்ரர் ரயர் கட்டாயம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. கியூபெக்கில் மார்கழி (டிசம்பர்) 1 முதல் பங்குனி (மார்ச்) 15 வரை அது சட்டம். பாலங்கள் மற்றத் தெருவை விட முந்தி உறையும். கார் முழுவதும் பனியைத் தட்டுங்கள், கூரையையும். பனிக்குள் காரோடு மாட்டினால் புகைக்குழாய் வாயைப் பனி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோல் அரைவாசிக்குக் கீழே போக விட வேண்டாம். முதல் வின்ரரில் நெடுஞ்சாலைக்கு முன், வெறுமையான வாகனத் தரிப்பிடம் ஒன்றில் அனுபவசாலி ஒருவரோடு பிரேக் பிடித்துப் பழகுங்கள்.

பனியோடு விளையாடுவது

இனித்தான் நான் எழுத ஆசைப்பட்டது. எங்கள் ஆட்களில் பலர் பத்து இருபது வருடம் பனி நாட்டில் இருந்தும் பனியில் ஒரு நாளும் விளையாடியதில்லை. அது வெள்ளைக்காரரின் விளையாட்டு, காசுக்காரரின் விளையாட்டு, எலும்பு முறியும் என்று மூன்று காரணம் சொல்வார்கள். நானும் அப்படி நினைத்தே 43 வயது வரை இருந்தேன். மகளின் பாடசாலைச் சுற்றுலாவுக்குத் துணைக்குப் போன அன்றுதான் காலில் ஸ்கீ என்கிற நீண்ட சறுக்குப் பலகைகளைப் பூட்டினேன். அதற்குப் பிறகு வின்ரரை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

முதலில் சறுக்கு வண்டியில் தொடங்குங்கள். சின்ன வயதில் கமுகமட்டையில் ஒருவரை இருத்தி மற்றவர் இழுத்தது நினைவிருக்கும். அதையே மேட்டில் செய்வது. மாநகரம் அனுமதித்த மேடாக, அடியில் மரமும் தெருவும் இல்லாததாகப் பாருங்கள். கால் முன்னே, தலைக்கவசத்தோடு. அடுத்தது ஐஸ் சறுக்கல். ரொறன்ரோ மாநகர மண்டபத்துக்கு முன்னால் உள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் நுழைவுக்குக் காசில்லை. உறைந்த ஏரியில் மட்டும், அதிகாரிகள் திறந்துவிட்டதாக அறிவிக்காமல், இறங்கவே வேண்டாம்.

ஸ்கீயில் இரண்டு வகை. சமதரையில், காட்டுப் பாதைகளில் நடப்பது போலத் தள்ளிக்கொண்டு போவது ஒன்று. செலவு குறைவு, விழுந்தாலும் மெத்தென்று விழலாம், முழு உடம்புக்கும் பயிற்சி. ஒஸ்லோவில் இருக்கிறவர்கள் நிலக்கீழ் ரயிலில் புரொக்னர்செற்றரனில் இறங்கினால் காட்டுப் பாதை வாசலிலேயே நிற்பார்கள். இரவில் விளக்குப் போட்ட பாதைகளும் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மற்றது மலைச்சரிவில் இறங்குவது. பிள்ளைகளுக்கு அதுதான் ஆசை, அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

இடம். ரொறன்ரோ நகருக்குள்ளேயே ஏர்ல் பேல்ஸ் பூங்காவில் மாநகரம் நடத்துகிற சின்னச் சரிவு இருக்கிறது. பழகுவதற்கு அது போதும். மில்ற்றனில் கிளென் ஈடன், பரிக்குப் பக்கத்தில் ஹோர்ஸ்ஷூ, இரண்டு மணி நேர ஓட்டத்தில் கொலிங்வூட்டுக்குப் பக்கம் புளூ மவுன்ரன். புளூ மவுன்ரன் மேலிருந்து கீழ்வரை 220 மீற்றர் அளவு உயரம், தொடங்குகிறவருக்கு அது பெரிய மலை. வார நாட்களிலும் இரவிலும் சன நெரிசலும் குறைவு, விலையும் குறைவு. தொடங்குவோருக்கென்று ஸ்கீ வாடகை, மேலே ஏற்றிப் போகிற லிப்ற், ஒரு பாடம் மூன்றும் சேர்ந்த பொதி இருக்கிறதா என்று கேளுங்கள். தையும் மாசியும் நல்ல காலம்.

உடுப்பு மேலே சொன்னதேதான், கூடவே நீர் புகாத பனிக்கழுசான், கண்ணை மூடும் கொகிள்ஸ், தலைக்கவசம். நீண்ட சால்வை வேண்டாம், லிப்ற்றில் சிக்கும். முகத்துக்கு வெயில் களிம்பு பூசுங்கள். புதுப்பனி வெயிலின் புற ஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும், கறுத்த தோலும் எரியும்.

வாடகைக் கடையில் எடை, உயரம், வயது கேட்பார்கள். எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். விழும்போது பூட்ஸ் ஸ்கீயிலிருந்து கழன்றுவிட வேண்டும். பூட்சை ஸ்கீயோடு பிடித்து வைக்கிற பூட்டு எந்த அளவு விசையில் கழல வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துத்தான் அமைக்கிறார்கள். பிழையான எண் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் முறுக்குப்படும், அல்லது தேவையில்லாத நேரத்தில் கழலும். ஸ்கீ பூட்சுக்குள் ஒரே ஒரு மெல்லிய நீண்ட மேசு, தெர்மலை உள்ளே சொருகாமல். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை மெதுவாகத் தொட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும். ஸ்கீயின் நீளம் நாடி அளவுக்கு இருந்தால் போதும்.

முதல் ஒரு மணி நேரம் சமதரையிலேயே. ஒரு காலில் மட்டும் ஸ்கீயைப் பூட்டிச் சறுக்கி நடவுங்கள், பிறகு மற்றக் காலில், பிறகு இரண்டிலும். பக்கவாட்டில் படியேறுவது போல மேட்டில் ஏறிப் பாருங்கள். விழப் பழகுங்கள்: பின்னுக்குச் சாயாமல், பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக. எழும்ப, இரண்டு ஸ்கீயையும் உங்களுக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்காக வைத்துக்கொண்டு எழும்புங்கள். சரிவை நோக்கி வைத்தால் எழும்ப முன்பே ஓடத் தொடங்கிவிடும்.

அடுத்து நிறுத்துவது. முன் நுனிகள் நெருங்கி, பின் நுனிகள் அகன்று, வீட்டுக் கூரை முகடு போல வையுங்கள். பிள்ளைகளுக்குப் பயிற்றுநர்கள் பீட்சாத் துண்டு என்பார்கள். குதிக்கால்களை வெளியே தள்ளத் தள்ள வேகம் குறையும். இது கைவராமல் மேலே போக வேண்டாம். பயம் வந்தால் எல்லோரும் பின்னுக்குச் சாய்வோம், அதுதான் எங்களை விழுத்துவது. பின்னுக்குச் சாய்ந்தால் முன் நுனி பிடிப்பிழந்து ஸ்கீ தன் பாட்டுக்கு ஓடும். கணைக்கால் முன்பக்கம் பூட்சின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், கைகள் முன்னே, தேநீர்த் தட்டம் ஏந்துவது போல. எனக்கு இந்த ஒன்றைப் பிடிபடுத்த இரண்டு நாள் எடுத்தது.

திரும்புவதற்கு, இடப்பக்கம் போக வேண்டுமென்றால் வலக்காலை அழுத்துங்கள், வலப்பக்கம் போக இடக்காலை. போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். மரத்தைப் பார்த்தால் மரத்துக்கே போவீர்கள். மேலே ஏற்றிப் போகிற கம்பளப் பட்டியில் ஏறிச் சின்னச் சரிவில் இதைப் பத்துப் பதினைந்து தரம் செய்யுங்கள். பிறகுதான் கதிரை லிப்ற். ஸ்கீக்கு ஊன்றுகிற தடிகளை ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, கதிரை தொட்டதும் இருங்கள். பாதுகாப்புக் கம்பியை இறக்குங்கள். மேலே இறங்கும்போது ஸ்கீ நுனியை உயர்த்தி, எழும்பி, நிற்காமல் தள்ளிப் போய்விடுங்கள்.

வட அமெரிக்காவில் பச்சை வட்டம் இலகு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். சுவிசில் நீலம் இலகு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். ஆகவே கனடாவில் பழகியவர் சுவிசுக்குப் போனாலோ மாறி வந்தாலோ நிறத்தை நம்பி ஏறாமல் வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கீழே போகிறவருக்கே வழி உரிமை, பின்னால் வருகிறவர்தான் விலக வேண்டும். நிற்பதென்றால் பாதையின் ஓரத்தில், மேலிருந்து வருகிறவருக்குத் தெரிகிற இடத்தில் நில்லுங்கள்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல், "கடைசியாக ஒருக்கா" என்று ஏற வேண்டாம். தொடை களைத்த பிறகு கால் சொன்னதைக் கேட்காது. என் மைத்துனர் மணிக்கட்டை முறித்தது அப்படி ஒரு கடைசி முறையில்தான். மலையில் சாப்பாடு விலை. இடியப்பப் பொதியும், சுடுதண்ணிப் போத்தலில் ரசமும் கொண்டு போங்கள். மைனஸ் 10இல் குடிக்கிற மிளகு ரசத்தின் சுவை எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, பூட்சின் உள்பஞ்சையும் கையுறையையும் வெளியே எடுத்து அறைச் சூட்டில் விரித்து வைப்பது. ஹீற்றருக்கு மேல் வைத்தால் பசை விட்டுவிடும். பங்குனி நடுவில் சரிவுகள் சேறாகும்போது கடைகளில் பனிப் பொருட்கள் அரைவிலைக்கு வரும். பெரியவர்களுக்கு அப்போது எடுங்கள், பிள்ளைகளுக்கு ஓர் அளவு பெரிதாக.